அவளுடைய பெயரில் இருந்த கொம்பியூட்டர்

என் மனைவியின் குரல் ஒரு கொம்பியூட்டருக்குள் இருந்தது. அந்தக் கொம்பியூட்டர் இப்போதும் எங்கள் வீட்டு மேசையில்தான் இருக்கிறது. குரல் இல்லை. அது எப்படிப் போனது என்பதை எனக்கு விளங்கிய அளவில் எழுதிவைக்கப் பார்க்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு தோட்டத்துக்கு இறங்கியவன். தமிழ் வாசிப்பேன், எழுதுவேன். கொம்பியூட்டரில் கை வைத்ததில்லை. ஆனாலும் நடந்தது எல்லாம் என் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது.

அவள் எங்கள் ஊர் முன்பள்ளியில் ஆசிரியை. கொரோனாக் காலத்தில் பிள்ளைகள் வர முடியாமற் போனபோது அறைக் கதவைச் சாத்திவிட்டு, யன்னலையும் மூடிவிட்டு, அந்த லப்டொப்புக்கு முன்னால் இருந்து கதை சொல்லுவாள், பாட்டுப் பாடுவாள். குரலை மட்டும் பதிவு செய்து தாய்மாரின் போனுக்கு அனுப்புவாள். ஊரடங்கு எடுத்த பிறகும் அவள் அதை விடவில்லை. காய்ச்சல் வந்து வீட்டில் கிடக்கிற பிள்ளைக்கு ஒரு கதை, மழைக்கு வராத பிள்ளைகளுக்கு ஒரு பாட்டு என்று ஏதாவது பதிவு செய்துகொண்டே இருந்தாள். நான் ஒன்றையும் இருந்து கேட்டதில்லை. காலையில் எழும்பினால் படுக்கும்வரை வீடு முழுக்கக் கேட்கிற குரல்தானே. அதை மெசினில் போட்டுக் கேட்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

எங்கள் வீட்டில் கதைப்பது அவளுடைய வேலை. எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் கொண்டு போகும் நாட்களில்கூட அவள் முதலே வியாபாரிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் கதைத்துவிடுவாள். நான் மூட்டையை இறக்கிவிட்டு நிற்பேன், அவ்வளவுதான். கலியாண வீடுகளில் செருப்புக் கழற்றுகிற இடத்துக்குக் கிட்ட நின்றுகொள்வேன். அவள் உள்ளே போய் எனக்கும் சேர்த்து எல்லோருடனும் கதைத்துவிட்டு வருவாள். "இவர் கலியாணத்துக்கு ஓமெண்டதும் தலையாலைதான். வாயாலை இன்னும் சொல்லேல்லை" என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

நோய் அவளுக்குத் தொண்டையில் வந்தது. முதலில் போனது குரல்தான். கரகரத்து, பிறகு காற்றாகி, கடைசி மாதங்களில் கையால்தான் எல்லாம் காட்டினாள். தண்ணீர் வேண்டுமென்றால் பெருவிரலை வாய்க்குக் கிட்டக் கொண்டு போவாள். நான் கிட்டக் குனிந்தால் சில வேளை ஒரு மூச்சுச் சத்தம் வரும். அதற்குள் சொல் இருக்கும், ஆனால் அது அவளுடைய குரல் இல்லை. அவள் போன பிறகு என் காதில் நின்றது அந்த மூச்சுச் சத்தம்தான். பழைய குரலை நினைத்துப் பார்ப்பேன், அந்தக் காற்று வந்து முன்னால் நிற்கும்.

அவளுடைய போன் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாட்களில் ஒருநாள் பஸ்ஸில் தொலைந்துபோனது. ஆகவே அவள் உண்மையில் எப்படிக் கதைத்தாள் என்பதற்கு எங்கள் கையில் இருந்தது அந்த லப்டொப் மட்டும்தான். அதைத் திறந்து கேட்கிற தைரியம் உடனே வரவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியட்டும், ஆட்கள் எல்லாம் போகட்டும், நானும் மகளும் தனியாக இருந்து கேட்போம் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பில்தான் அந்த நாட்களைக் கடத்தினேன். நான் அதை யாருக்கும் சொல்லவில்லை.

மகள் யாழ்ப்பாணத்தில் ஒரு தொழில்நுட்பப் படிப்புப் படிக்கிறாள். அவளுக்கும் அதே லப்டொப்தான். அதைத் திறந்ததும் முதலில் வருவது தாயின் பெயர். அதற்கு மேலே ஒரு வட்டத்துக்குள் தாயின் படம். முன்பள்ளி விளையாட்டுப் போட்டி நாளில் பிள்ளைகள் கடதாசியில் செய்த ராணி முடியை அவளுடைய தலையில் வைத்துவிட்டு எடுத்த படம். செத்த வீடு முடிந்து படிப்பு வேலையைத் தொடங்க மகள் ஒருநாள் மேசையில் போய் இருந்தாள். திறந்தாள். மூடினாள். அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் முறை மூடிவிட்டு மேசையில் தலையை வைத்துக்கொண்டு கிடந்தாள்.

இதைக் கண்டவர் என் மனைவியின் தமக்கை. செத்த வீட்டுக்கு வந்தவர், அந்தியேட்டி வரை எங்களோடு நின்று சமைத்துப் போட்டார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனுசி. ஆனால் ஒன்றை நினைத்துவிட்டால் நினைத்ததுதான். தங்கச்சியின் உடுப்பு, பாய், தலையணை எல்லாவற்றையும் எங்கள் முறைப்படி வீட்டை விட்டு வெளியேற்றியவர் அவர்தான். நானோ மகளோ அவற்றைத் தொட வேண்டி வரவில்லை.

அன்று குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

"இஞ்சரும் தம்பி, உந்தக் கொம்பியூட்டரை என்ன செய்யப் போறீர்?"

"என்ன செய்யிறது அக்கா? பிள்ளை படிக்கிறதுக்கு வேணுமே."

"படிக்கட்டும், ஆர் வேண்டாமெண்டது? ஆனா செத்த ஆளின்ரை பேரிலை ஒரு சாமான் வீட்டுக்குள்ளை வெளிச்சம் போட்டுக்கொண்டு கிடக்கக் கூடாது. பாயைக் குடுத்தனாங்கள், தலாணியைக் குடுத்தனாங்கள். உதிலை பேரும் படமுமாய் அவள் இருக்கிறாள். பொம்பிளைப் பிள்ளை ஒவ்வொரு நாளும் அந்த முகத்திலை முழிச்சுப்போட்டுப் படிக்கிறதே? அந்தியேட்டிக்கு முதல் பேரை மாத்திப்போடோணும்."

நான் மகளைத்தான் பார்த்தேன்.

"பேரை மாத்திறது பெரிய வேலையில்லைப் பெரியம்மா. நானே செய்வன். ஆனா என்ரை கையாலை அம்மான்ரை பேரை எடுக்க மாட்டன்" என்றாள் மகள்.

"நீ எடுக்க வேண்டாம் மோனை. கடையிலை குடுத்து எடுப்பம்."

மகள் லப்டொப்பை எடுத்து ஒரு துவாயில் சுற்றி என்னிடம் தந்தாள். அதைத் தந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நித்திரையான குழந்தையைக் கைமாற்றுகிற மாதிரி இருந்தது.

அக்காவும் நானும் ஓட்டோவில் சுன்னாகத்துக்குப் போனோம். கொம்பியூட்டர் திருத்துகிற கடை சந்தைக்குப் பின்பக்கம் இருக்கிறது. சின்னக் கடை. கடைக்காரருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். யாரோ ஒருவரின் பிரிண்டரைக் கவிழ்த்து வைத்து ஊதிக்கொண்டிருந்தார். இன்னும் நாலைந்து பேர் சுவரோரம் கிடந்த நீட்டு வாங்கில் இருந்தார்கள். நான் வாசலில் நின்றேன். அக்கா உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னார்: தங்கச்சி செத்தது, அந்தியேட்டி வருவது, பெயர் மாற்ற வேண்டியது எல்லாம்.

கடைக்காரர் பிரிண்டரை வைத்துவிட்டு எங்கள் லப்டொப்பைத் திறந்தார். கடதாசி முடியோடு அவள் வந்தாள். வாங்கில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பாஸ்வேட் என்ன அன்ரி?"

அக்கா என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே தெரியும்?

"பிள்ளையாரெண்டு போட்டுப் பாரும்" என்றார் அக்கா. "அவள் பிள்ளையாரைக் கும்பிடாமல் வெளிக்கிட மாட்டாள்."

"இந்த ஊரிலை பாதிப் பேர் பிள்ளையார்தான் அன்ரி. மிச்சப் பேர் முருகன்" என்றார் கடைக்காரர். வாங்கில் சிரித்தார்கள். பிள்ளையார் திறக்கவில்லை. மகளின் பெயரும் திறக்கவில்லை. "பிழை பிழையா அடிக்கக் கூடாது, பூட்டிப்போடும். மகளுக்குத் தெரியுமெண்டால் ஒருக்காக் கேளுங்கோ" என்றார்.

அக்கா போன் எடுத்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார்.

"பிள்ளை, உதுக்குப் பாஸ்வேட் என்ன மோனை?"

மகள் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா கிட்ட நிக்கிறாரோ?"

"நிக்கிறார். ஏன்?"

"அப்பாட்டைச் சொல்லக் கூடாதெண்டு அம்மா சொன்னவ." அக்கா விடவில்லை. "அப்பான்ரை பேர்தான் பெரியம்மா. பேரும், அவர் பிறந்த வருசமும்."

கடை முழுக்க அது கேட்டது.

எங்கள் பக்கத்தில் மனுசிமார் புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இப்போதைய பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள், ஆனால் எங்கள் வயதில் இல்லை. அவள் என்னை "இஞ்சருங்கோ" என்பாள். மற்றவர்களிடம் "இவர்" என்பாள். முன்பள்ளி அலுவலாக யாராவது அவளுடைய கணவரின் பெயரைக் கேட்டால்கூட பக்கத்தில் நிற்கிறவரைச் சொல்லச் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். கலியாணம் செய்த நாளிலிருந்து என் பெயர் அவளுடைய வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. அந்தப் பெயரை அவள் நாள் தவறாமல் விரலால் அடித்துத்தான் தன் கதைகளுக்குள் போயிருக்கிறாள்.

"அண்ணை, உங்கடை பேர் என்ன?" என்று கேட்டார் கடைக்காரர்.

சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

"இங்கிலிசிலை எப்பிடி எழுதுறனீங்கள்?"

எனக்கு அது தெரியாது. பொக்கற்றில் இருந்த அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்த்துப் பார்த்து அடித்தார். திறந்தது.

அக்கா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். "கள்ளி" என்றார் மெல்லமாக. அது தங்கச்சிக்குச் சொன்னது.

கடைக்காரர் நல்ல விதமாகத்தான் விளங்கப்படுத்தினார். இரண்டு வழி இருக்கிறதாம். "பேரை மட்டும் மாத்திறதெண்டால் ஒரு நிமிச வேலை. இப்பவே மாத்தித் தருவன். ஆனா அது வெளியிலை தெரியிற பேர்தான். உள்ளுக்கை எல்லாச் சாமானும் கிடக்கிற போல்டர் ஒண்டு இருக்கு. அதின்ரை பேர் மாறாது. வெளியிலை மகள், உள்ளுக்கை தாய்."

"அப்பிடியெண்டால்?" என்றார் அக்கா.

"ஒண்டுமில்லை அன்ரி. மகளுக்கு அது தெரியவே வராது. பாவிக்கலாம்."

"தெரியாட்டிலும் உள்ளுக்கை அவளின்ரை பேர் கிடக்குமே?"

"ஓம், அது கிடக்கும்."

"அப்ப உது சரிவராது தம்பி. வெளியிலை தூத்து முத்தம் தெளிச்சுப்போட்டு உள்ளுக்கைச் செத்தவீட்டுத் துடக்கை வைச்சிருக்கிற மாதிரியெல்லோ? மற்ற வழியைச் சொல்லும்."

மற்ற வழி இது: மகளின் பெயரில் புதிதாக ஒரு எக்கவுண்ட் திறப்பது. தாயின் எக்கவுண்டில் இருக்கிறதை எல்லாம் அதற்குள் மாற்றிவிடுவது. பிறகு தாயின் எக்கவுண்டை முழுதாக எடுத்துவிடுவது. அப்படிச் செய்தால் வெளியிலும் அவளுடைய பெயர் இருக்காது, உள்ளேயும் இருக்காது.

"உதைச் செய்யும்" என்றார் அக்கா.

கொப்பி ஆக நேரம் எடுக்கும் என்றார் கடைக்காரர். நாங்கள் சந்தைக்குள் போய் அந்தியேட்டிக்கு வேண்டிய மரக்கறிக்குச் சொல்லிவிட்டு வந்தோம். வரும்போது கடையில் ஆட்கள் கூடியிருந்தார்கள். அவர் லப்டொப்பை எங்கள் பக்கம் திருப்பி மகளின் பெயரைக் காட்டினார். திறந்து படங்களைக் காட்டினார். மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீடு, நாங்கள் மூவரும் நல்லூர்த் திருவிழாவுக்குப் போன நாள், முன்பள்ளிப் பிள்ளைகள், எல்லாம் வந்திருந்தன.

"எல்லாம் வந்திட்டுதோ?" என்று அக்கா கேட்டார்.

"படங்கள், வீடியோ, டொக்கியுமென்ட், டெஸ்க்டொப்பிலை கிடந்தது எல்லாம் வந்திட்டுது அன்ரி." பிறகு அவர் என்னைப் பார்த்தார். "அண்ணை, அப்ப பழசை எடுக்கட்டோ? எடுத்தால் பிறகு திரும்ப வராது."

அவர் என்னிடம்தான் கேட்டார். ஆனால் என்னிடம் கேட்கிற கேள்விகளுக்கு வேறு யாராவது பதில் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

"அதுதானே சொல்லுறன், எடும் தம்பி. ஒண்டும் மிஞ்சக் கூடாது" என்றார் அக்கா.

திரையில் ஏதோ கேள்வி வந்தது. அவர் ஏதோ ஒரு பட்டனை அமர்த்தினார். கடதாசி முடி போட்ட படம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அந்த இடம் வெறுமையாகிவிட்டது.

கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. ஆட்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். அக்காவும் தன் வீட்டுக்குப் போனார். மகள் திரும்பப் படிக்கத் தொடங்கினாள். அக்கா சொன்னதும் ஒரு விதத்தில் சரிதான். திரையில் தன் பெயரைக் கண்ட பிறகு அவள் லப்டொப்பை மூடிவிட்டு அழவில்லை. படிப்புக்கு வேண்டிய பெரிய பெரிய புரோகிராம்களை அதில் ஏற்றினாள். பாட வீடியோக்களை இறக்கினாள். நான் தோட்டத்தால் வந்து கால் கழுவும்போது அவள் தட்டுகிற சத்தம் கேட்கும். அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் விளக்கு வைத்த பிறகு நான் அவளிடம் கேட்டேன். எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்துவிட்டுக் கேட்டது.

"பிள்ளை, அம்மா பிள்ளையளுக்குச் சொன்ன கதை ஒண்டைப் போடன்."

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு சந்தோசப்பட்டாள் என்று நினைக்கிறேன். எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

தேடினாள். படங்களுக்குள் பார்த்தாள். வீடியோவுக்குள் பார்த்தாள், அவற்றில் பிள்ளைகளின் ஆட்டமும் பாட்டும்தான் கிடந்தன. தாய் குரல் பதிகிற புரோகிராமைத் திறந்தாள். அது திறந்தது, ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை.

"இது இப்ப என்ரை பேரிலை திறக்குது அப்பா. நான் ஒண்டும் பதியேல்லை. அதாலை வெறுமனாக் காட்டுது. அம்மான்ரையை அம்மான்ரை இடத்திலைதான் பாக்கோணும்."

"பாரன்."

அவள் தாயின் இடத்தைத் தேடினாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அந்தப் புரோகிராம் தான் பதிகிறதைப் படங்களோடும் டொக்கியுமென்டுகளோடும் வைப்பதில்லையாம். தனக்கென்று மறைவான ஒரு இடத்தில், அந்த ஆளின் எக்கவுண்டுக்குள்ளேயே ஆழமாக வைத்திருக்குமாம். கடைக்காரர் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் மாற்றினார். தெரியாதது அங்கேயே கிடந்தது. எக்கவுண்டை எடுத்தபோது அதுவும் போய்விட்டது. பெயரை மட்டும் மாற்றியிருந்தால் எல்லாம் இருந்த இடத்தில் இருந்திருக்கும்.

"அப்பா, நான் நினைச்சன் அந்த அண்ணை எல்லாத்தையும்..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. நான் கதிரையில் இருந்தேன். பிறகு வெளியில் போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன்.

விசயத்தை மகள்தான் அக்காவுக்குச் சொன்னாள். அடுத்த நாளே அவர் பஸ் பிடித்து வந்துவிட்டார். விறாந்தைப் படியில் இருந்துகொண்டு தலையிலே அடித்தார். "நான் அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் வந்திடக் கூடாதெண்டுதானே செய்தனான். எனக்கு மட்டும் அவளின்ரை குரல் வேண்டாமே தம்பி? நானெல்லோ அவளுக்குக் கதைக்கப் பழக்கினனான்." அவர் என்னை விடப் பதினைந்து வயது மூத்தவர். தாய் இல்லாத வீட்டில் தங்கச்சியை இடுப்பில் வைத்து வளர்த்தவர். அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். இரண்டு பேரும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

நான் தனியாகச் சுன்னாகத்துக்குப் போனேன். சைக்கிளில் போனேன். கடையில் ஆட்கள் போகும்வரைக்கும் எதிர்ப்பக்கத்தில் நின்றேன். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு அவரே கூப்பிட்டார். நான் சொல்லச் சொல்ல அவருடைய முகம் மாறியது.

"குரல் கிடந்ததோ அண்ணை? நீங்கள் ஒரு சொல்லு..." என்றுவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு, "நானும் கேட்டிருக்கோணும்" என்றார்.

அழித்ததை மீட்கிற புரோகிராம் இருக்கிறதாம். அழித்தவுடனே என்றால் கிட்டத்தட்ட எல்லாமே வருமாம். அதற்கு மேலே வேறு எதையாவது எழுதிவிட்டால் கஷ்டமாம். "மகள் இதிலை ஏதும் புதுசா ஏத்தினவவோ?" என்று கேட்டார். ஏற்றினாள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு எனக்கு அர்த்தம் தெரிந்தது. பெரிய டொக்டரும் ஸ்கானைப் பார்த்துவிட்டு அப்படித்தான் ஆட்டினார்.

ஆனாலும் அவர் லப்டொப்பை வாங்கி வைத்துக்கொண்டு கரைச்சல்பட்டுத் தேடினார். அதற்கு ஒன்றும் வாங்கவில்லை. நான் திரும்பப் போனபோது ஒரு கதிரையைப் போட்டு இருக்கச் சொன்னார்.

"அண்ணை, பேரெல்லாம் வந்திட்டுது. பாருங்கோ."

திரையில் வரிசையாகத் தமிழில் இருந்தது. அவள் ஒவ்வொரு பதிவுக்கும் பெயர் வைத்திருக்கிறாள். காகமும் வடையும். மழைப் பாட்டு. பல் விளக்கும் பாட்டு. பூனைக்குட்டியின் பிறந்தநாள். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு. நீண்டுகொண்டே போனது. நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். இடையில் ஒன்று: கதைக்கத் தெரியாத தோட்டக்காரன்.

"இதைப் போடுங்கோ தம்பி" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அவர் அமர்த்தினார். ஒன்றும் வரவில்லை. வேறொன்றை அமர்த்தினார். அதுவும் இல்லை.

"பேர்தான் அண்ணை கிடக்கு. உள்ளுக்கை ஒண்டும் இல்லை. அதிலை எல்லாம் இப்ப வேறை சாமான் இருக்கு. நான் எல்லாத்தையும் போட்டுப் பாத்திட்டன். ஒண்டும் பாடேல்லை."

அந்தக் கதையில் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தோட்டக்காரன் கடைசியில் கதைத்தானா, இல்லையா? ஊரிலுள்ள நாலு வயதுப் பிள்ளைகள் எல்லாம் கேட்டிருக்கின்றன. நான் கேட்கவில்லை.

அந்த நினைப்புத்தான் என்னை வீடுகளுக்குப் போகவைத்தது. அவள் பதிந்ததை எல்லாம் தாய்மாரின் போனுக்கு அனுப்பியவள். யாராவது ஒருவரிடம் இருக்காதா? மகள் தன் போனால் கேட்டு எழுதியிருந்தாள். சிலர் கை கூப்புகிற படம் அனுப்பினார்கள், சிலர் ஒன்றும் அனுப்பவில்லை. நேரில் போய்க் கேட்டால்தான் தேடிப் பார்ப்பார்கள் என்று எனக்குப் பட்டது. அடுத்த வீட்டுக்குப் போய் மண்வெட்டி கேட்கவே பின்னடிக்கிற நான் படலை படலையாகப் போய் நின்றேன்.

எல்லோரும் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். தேத்தண்ணி தந்தார்கள். ரீச்சரைப் பற்றி நல்லதாகச் சொன்னார்கள். "ஐயோ, போன் நிறைஞ்சிட்டுதெண்டு எல்லாத்தையும் அழிச்சுப்போட்டன் அண்ணை." "அந்தப் போன் கிணத்துக்குள்ளை விழுந்திட்டுது." "இவர் கத்தார் போகேக்கை அந்தப் போனைக் கொண்டு போட்டார், கேட்டுப் பாக்கிறன்." கேட்டுப் பார்த்தார்கள், இல்லை. ஆனால் எல்லோரிடமும் படம் இருந்தது. "ரீச்சரின்ரை போட்டோ இருக்கு அண்ணை, அனுப்பட்டோ?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் ஓம் என்றேன். மகளின் போனுக்கு வந்து குவிந்தது. எல்லாப் படத்திலும் அவள் வாய் திறந்து சிரித்துக்கொண்டோ, ஏதோ சொல்லிக்கொண்டோ இருக்கிறாள்.

கடைசியாகப் போன வீட்டில் தாய் போனை எடுத்து மேலும் கீழும் தள்ளித் தேடினார். அவரிடமும் இல்லை. நான் எழும்பும்போது தன் மகளைக் கூப்பிட்டார். இப்போது எட்டு வயதுப் பிள்ளை. கொரோனாக் காலத்தில் முன்பள்ளியில் இருந்தவள்.

"இவளுக்கு ரீச்சரின்ரை கதையெல்லாம் பாடம் அண்ணை. ரீச்சர் மாதிரியே கதைப்பாள். எங்கடை வீட்டிலை எல்லாரும் சிரிச்சுச் சாகிறது. பிள்ளை, மாமாவுக்கு ரீச்சர் மாதிரிச் செய்து காட்டு."

பிள்ளை வெட்கப்பட்டுத் தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அது பிடித்திருந்தது. செய்யாமல் விட்டுவிடட்டும் என்று நினைத்தேன். தாய் விடவில்லை. "செய் பிள்ளை, மாமா பாவமெல்லே."

பிள்ளை முன்னுக்கு வந்து இடுப்பில் ஒரு கையை வைத்தது. தலையைக் கொஞ்சம் சரித்தது. "இஞ்சை பாருங்கோ என்ரை செல்லக்குட்டியள், இண்டைக்கு ரீச்சர் என்ன கதை சொல்லப் போறன் தெரியுமோ?" என்றது.

இடுப்புக் கை அவளுடையது. தலைச் சரிவு அவளுடையது. "தெரியுமோ" என்பதை இழுத்து மேலே கொண்டு போவதும் அவளேதான். குரல் மட்டும் ஒரு எட்டு வயதுப் பிள்ளையின் மெல்லிய கீச்சுக் குரல். தாய் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"தோட்டக்காரன் கதை தெரியுமோ பிள்ளை?" என்று நான் கேட்டேன்.

பிள்ளை யோசித்தது. "அது மறந்துபோச்சு மாமா. வேறை கதை சொல்லட்டோ?"

தேத்தண்ணிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கும் போகவில்லை.

இது நடந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. மகள் படிப்பை முடிக்கப் போகிறாள். வேலை கிடைத்தால் புது லப்டொப் வாங்கலாம் என்கிறாள். நான் தோட்டத்தில் பாத்திக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு வரம்பில் இருக்கிற நேரங்களில் அவள் என்னைக் கூப்பிட்டதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்ப்பேன். கிணற்றடியில் நின்று "இஞ்சருங்கோ" என்பாள். சாப்பாடு ஆறுகிறது என்று அர்த்தம். சொல் வருகிறது. கிணற்றடி வருகிறது. அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருப்பது வருகிறது. வாயைத் திறக்கிறாள். முந்தி அந்த ஆஸ்பத்திரி மூச்சுச் சத்தமாவது வரும், அது அவளுடையது. இப்போது அதுவும் வருவதில்லை. அந்தப் பிள்ளையின் கீச்சுக் குரல்தான் வருகிறது.